திங்கட்கிழமை முதல் கேள்வி

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் தொழில் பக்கத்தில், விற்பனைக் குழுவுக்கு ஊக்கமூட்டுவது எப்படி என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. காலையில் எல்லாரும் வட்டமாக நின்று கைதட்ட வேண்டுமாம், சுவரில் வாசகங்கள் ஒட்ட வேண்டுமாம், மேலாளர் முகத்தில் எந்நேரமும் உற்சாகம் தெரிய வேண்டுமாம். கைதட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கையாவது சூடாகும். ஆனால் விற்பனை விழுந்தால் ஆட்களிடம் வேகம் செத்துவிட்டது என்று அர்த்தம் என்று நடுவில் ஒரு வரி வருகிறது. அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. இந்தத் தொழிலில் 31 வருடம் இருந்தவள் நான். வேகம் செத்த ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நல்ல வேகத்தைத் தப்பான பக்கம் திருப்பிவிட்ட மேலாளர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருத்தி.

நான் விற்றது தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான்கள். தலைக்கவசம், கண்ணாடி, ஷூ எல்லாம் உண்டு, முக்கியமாகக் கையுறை. பில்லிங் செக்‌ஷனில் 3 வருடம், ஃபீல்டில் 9 வருடம், மேலாளராக 19 வருடம்.

ஃபீல்டில் இருந்தபோது எங்கள் மேலாளர் திங்கட்கிழமை கூட்டத்தில் கேட்கும் முதல் கேள்வி, "போன வாரம் எத்தனை கால்?" வாடிக்கையாளரை நேரில் போய்ப் பார்ப்பதைத்தான் நாங்கள் கால் என்போம். ஒரு நாளைக்கு 8 கால் என்பது சட்டம். குறைந்தால் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். ஒரு ஃபாக்டரியில் கேட் பாஸ் வாங்கி உள்ளே போவதற்கே முக்கால் மணி நேரம் ஆகும். ஷாப் ஃப்ளோரைச் சுற்றிப் பார்த்து நாலு பேரிடம் பேசிவிட்டு வந்தால் அரை நாள் போய்விடும். அப்புறம் 8 எங்கிருந்து வரும்? ஆனாலும் வந்தது. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து நாங்களே எழுதிக்கொண்டோம். ஒரு நாள் நான் நேரில் சந்தித்ததாக எழுதிய பர்ச்சேஸ் ஆபீசர், அதே நேரத்தில் எங்கள் அலுவலகத்தில் என் மேலாளருக்கு எதிரே உட்கார்ந்திருந்திருக்கிறார். மறுநாள் ரிப்போர்ட்டைப் பார்த்தார் சார். என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுக் கீழே வைத்துவிட்டார். அவருக்கும் மேலே அனுப்ப ஒரு எண்ணிக்கை தேவைப்பட்டது.

நான் மேலாளர் நாற்காலிக்கு வந்ததும் முதல் வேலையாக இந்தக் கூத்தை ஒழிக்கிறேன் என்று கிளம்பினேன். கால் கணக்கில் பொய் எழுதலாம், பில்லில் எழுத முடியாது என்பது என் கணக்கு. ஆகவே கேள்வியை மாற்றினேன்: "எவ்வளவு ஆச்சு?" கூடவே ஒரு வெள்ளைப் பலகை. எல்லார் பெயரும், எதிரே மாதத் தொகையும். கடைசிப் பெயர் மட்டும் சிவப்பு மையில். இந்தச் சிவப்பு மை என் சொந்த யோசனை. பல மாதம் சிவப்பிலேயே இருந்தவர் ஒருவர், பெரிய ஆலை ஒன்றுக்கு ஒன்றரை வருடமாக நடந்துகொண்டிருந்தார். சாம்பிள் கொடுத்து, ட்ரையல் எடுத்து, மறுபடி சாம்பிள் கொடுத்து என்று மெல்ல நகரும் வேலை. ஒரு நாள் ராஜினாமாக் கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் போன 3-ஆம் மாதம் அந்த ஆலையின் ஆர்டர் வந்தது. பலகையில் அந்தத் தொகை வேறொருவர் பெயருக்கு எதிரே ஏறியது. அதை எழுதியது என் கை.

பில் பொய் சொல்லாது என்றேன் அல்லவா? அது கால் ரிப்போர்ட்டை விடப் பெரிய பொய்யைச் சொன்னது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்: கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டருக்கு அனுப்பும் சரக்கு பிரைமரி, அவர் அதைக் கடைக்கோ ஃபாக்டரிக்கோ விற்பது செகண்டரி. எங்கள் டார்கெட் முழுக்கப் பிரைமரியில் இருந்தது. அதனால் மாதத்தின் கடைசி 3 நாள் நாங்கள் விற்கவில்லை, தள்ளினோம். "அண்ணே, இந்த 40 பெட்டிய மட்டும் இறக்கி வைங்க, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று டிஸ்ட்ரிபியூட்டரிடம் கெஞ்சுவது. அடுத்த மாதம் 10 தேதிக்குள் பாதி திரும்பி வரும். ஒருமுறை ரிட்டர்ன் வந்த சரக்கைப் பார்க்கக் கிடங்குக்குப் போனேன். ஒரு அட்டைப்பெட்டியின் மேல் சிவப்பு மார்க்கரில் 'அவசரம்' என்று எழுதியிருந்தது. என் எழுத்து. திறந்தால், ரப்பர் கையுறைகள் வெக்கையில் கிடந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இயற்கை ரப்பருக்குச் சூடு ஆகாது. பிரித்தெடுக்கப் பார்த்தேன், விரல் நுனி கிழிந்து கையோடு வந்தது. அந்தப் பெட்டியைத் தள்ளிவிட்ட மாதம் எங்கள் கிளைக்குத்தான் முதல் பரிசு.

எங்கள் கதை சின்னது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் இதே வியாதி முற்றி வெடித்தது. ஒரு வாடிக்கையாளருக்கு 8 கணக்குகளோ திட்டங்களோ விற்றுவிட வேண்டும் என்பது அங்கே முழக்கமாகவே இருந்தது. ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே அவர்கள் பெயரில் கணக்குத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் விவகாரம் வெளியே வந்து 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. அதற்குள் சுமார் 5,300 பேரை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். 2020-இல் மேலும் 300 கோடி டாலர் கட்டித்தான் அரசுத் தரப்பு வழக்குகளை முடித்தார்கள். அந்த 5,300 பேரும் வேகம் செத்தவர்களா? டார்கெட்டை அடிக்க ராப்பகலாக மூளையைக் கசக்கியவர்கள். கசக்கிய திசைதான் கோளாறு.

இதற்கு நேர் எதிரான வியாதியும் உண்டு. அதைக் கண்டுபிடித்தது தற்செயலாக. ஒரு மாதம் 30-ஆம் தேதி ஸ்டேப்ளர் தேடிக்கொண்டு எங்கள் முதல் நிலை விற்பனையாளரின் மேசை இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே 3 பர்ச்சேஸ் ஆர்டர். எல்லாம் 22, 23 தேதியிட்டவை. கூப்பிட்டுக் கேட்டேன். அவர் துளியும் பதறவில்லை.

"மேடம், எனக்கு இந்த மாசம் டார்கெட் முடிஞ்சிருச்சு. இதையும் இப்பவே போட்டா, அடுத்த வருஷம் நீங்கதான இதுக்கு மேல 15 பர்சென்ட்டுன்னு என் தலையில ஏத்துவீங்க?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஒரு வாரமும் அந்த ஃபாக்டரிகளில் கையுறை இல்லாமல் ஆட்கள் வேலை பார்த்திருப்பார்கள் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

அவர் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. சிகாகோவுக்குப் பக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலையில், விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்த பரிசோதனை பற்றி மேலாண்மை வகுப்புக்குப் போன எல்லாருக்கும் தெரியும். அதே ஆலையில் 1931, 32-இல் இன்னொரு ஆய்வும் நடந்தது. அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்கு வயரிங் செய்கிற 14 ஆண்களை ஒரு தனி அறையில் வைத்துக் கவனித்தார்கள். அதிகம் செய்தால் அதிகக் கூலி. ஆனாலும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களே தங்களுக்குள் ஓர் அளவு வைத்துக்கொண்டார்கள். அதற்கு மேல் செய்கிறவனுக்குப் பட்டப்பெயர். சமயத்தில் தோளுக்குக் கீழே ஒரு குத்து. கூடுதலாகச் செய்துகாட்டினால் கூலி விகிதத்தைக் குறைத்துவிடுவார்கள், இல்லை ஆளைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயம். மேலே இருப்பவர்களுக்கு அது சோம்பலாகத் தெரிந்திருக்கும். அந்த அறைக்குள் உட்கார்ந்தவனுக்கு அது வெறும் கூட்டல் கழித்தல். என் ஆள் ஆர்டர்களை இழுப்பறையில் போட்டு வைத்ததும் அதே கணக்கில்தான்.

இவ்வளவு பார்த்தும் நான் திருந்தவில்லை. திருந்தியது வேறொரு நாள். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்து 4 மாதமே ஆன ஒரு பையனோடு ஜாயின்ட் வொர்க் போயிருந்தேன், அதாவது விற்பனையாளரோடு மேலாளரும் கூடப் போய் வாடிக்கையாளரைப் பார்ப்பது. பலகையில் அந்த மாதம் சிவப்பு மை அவனுக்கு. சின்ன மோட்டார்களை அசெம்பிள் செய்கிற ஃபாக்டரி. கைகளில் வெட்டுக்காயம் அதிகமாக இருக்கிறது, உறுதியான கையுறை வேண்டும் என்று பர்ச்சேஸில் கேட்டிருந்தார்கள். வாங்கத் தயாராக இருக்கும் வாடிக்கையாளர். இதை விட்டால் வேறு எது? எங்களிடம் இருந்ததிலேயே தடிமனானதை எடுத்துக்கொண்டு போனேன். விலையும் அதற்குத்தான் அதிகம். ஈஎன் 388 என்ற ஐரோப்பியத் தரத்தில் உராய்வு, வெட்டு, கிழிசல், குத்து என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்களை எல்லாம் விளக்கினேன். கத்தியை எடுத்து அறுத்துக் காட்டினேன். 40 நிமிடம் நான் மட்டும்தான் பேசினேன். 'பையன் கத்துக்கட்டும்' என்ற நினைப்பு வேறு.

நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் பையன் கேட்டான்: "சார், இப்ப போட்டிருக்கற கிளவுஸ உங்க ஆளுங்க எப்பெப்ப கழட்டுறாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. கையுறை விற்க வந்தவன் கேட்கிற கேள்வியா இது? பர்ச்சேஸ் ஆபீசருக்கும் பதில் தெரியவில்லை. லைன் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுவிட்டார். அவர் ஒன்றும் பேசவில்லை. நான் கொண்டுபோன கையுறையை மாட்டிக்கொண்டு, தட்டில் இருந்த ஒரு திருகாணியை எடுக்கப் பார்த்தார். அது நழுவியது. மறுபடி. மூன்றாவது முறை விரல் தட்டி மேசைக்குக் கீழே உருண்டுபோனது. உடனே வலது கையுறையின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினார், வெறுங்கையால் இன்னொரு திருகாணியை எடுத்துக் காட்டினார்.

"இப்படித்தான் சார் நாள் முழுக்க. அடிபடுறது எல்லாம் இந்த நேரத்துலதான்."

அந்தத் தடிக் கையுறையை அன்று விற்றிருந்தால் அது பாக்கெட்டில்தான் இருந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், இதற்கும் ஓர் அளவுகோல் எங்கள் கேட்டலாக்கிலேயே இருந்தது. கையுறை போட்ட விரல்களால், 30 நொடிக்குள் 3 முறை, எவ்வளவு மெல்லிய கம்பியை எடுக்க முடிகிறது என்று சோதிப்பார்கள். 11 மில்லிமீட்டர் கம்பியைத்தான் எடுக்க முடிந்தால் நிலை 1. 5 மில்லிமீட்டர் கம்பியை எடுத்தால் நிலை 5. அது கடைசி வரியில் இருக்கும். அத்தனை வருடத்தில் ஒரு வாடிக்கையாளரிடம்கூட நான் அந்த வரியைப் படித்துக் காட்டியதில்லை. வெட்டுக்கு எத்தனை, குத்துக்கு எத்தனை என்பதில்தான் விலை இருந்தது.

திரும்பி வரும் வழியில், "எப்படிப்பா தோணுச்சு?" என்று கேட்டேன்.

"எங்கப்பா ஷீட் மெட்டல்ல வேலை பாத்தவரு மேடம். வீட்டுக்கு வரும்போது கிளவுஸ் புதுசு மாதிரியே பாக்கெட்ல இருக்கும். கையில பிளாஸ்திரி இருக்கும்."

அங்கே விற்றது மெல்லிய கையுறை. பில் தொகை நான் நினைத்துப் போனதில் பாதிகூட இல்லை. என் பலகையின்படி அந்த மாதமும் அவன் பெயர் சிவப்பிலேயே இருக்க வேண்டும். மார்க்கரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பலகைக்கு முன்னால் நின்றேன். எழுதவில்லை. பலகையைக் கழற்றிக் கிடங்குக்கு அனுப்பிவிட்டேன். (அந்த ஃபாக்டரி நான் ஓய்வு பெறும்வரை எங்களிடம்தான் வாங்கியது.)

அடுத்த திங்கட்கிழமை கூட்டத்தில், "போன வாரம் கஸ்டமர்கிட்ட புதுசா என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இது ஏதோ புது வலை என்று நினைத்திருப்பார்கள். அதற்கடுத்த வாரமும் அதே மௌனம். மூன்றாம் வாரம் ஒருவர், அவருடைய ஃபாக்டரியில் ராத்திரி ஷிஃப்டில் ஸ்டோர் பூட்டியிருப்பதால் கையுறை கிழிந்தாலும் மாற்ற ஆள் இல்லை என்றார். அங்கிருந்து பேச்சு பிடித்துக்கொண்டது.

இரண்டாவது கேள்வி ஒன்றும் சேர்த்தேன்: "உங்களுக்கு எது முட்டுக்கட்டையா இருக்கு, நான் என்ன செய்யணும்?" இதற்கு மௌனமே இல்லை, கொட்டித் தீர்த்துவிட்டார்கள். சாம்பிள் கேட்டால் 3 வாரம் ஆகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குத் தர வேண்டிய கிரெடிட் நோட் (அவருக்குச் சேர வேண்டிய தொகையை அவர் கணக்கில் வரவு வைக்கும் சீட்டு) 4 மாதமாக அக்கவுண்ட்ஸில் கிடக்கிறது, அவர் கடைக்குள் நுழையவே கூச்சமாக இருக்கிறது. போன காலாண்டு இன்சென்டிவ் இன்னும் வரவில்லை. தலைமை தாங்குவது என்றால் முன்னால் நின்று வீர வசனம் பேசுவது என்று நினைத்திருந்த எனக்கு, அதன் பிறகு பாதி நாள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் வாசலில் கிரெடிட் நோட்டுக்குக் காத்து நிற்பதில் போனது. சுவர் வாசகங்களைப் பற்றி உங்கள் கட்டுரையாளர் எழுதியிருந்ததால் இதைச் சொல்கிறேன். தர மேலாண்மைக்குப் பெயர்போன டெமிங், தொழிலாளர்களுக்கான முழக்கங்களையும் வாசகங்களையும் எடுத்தெறியுங்கள் என்று தன் 14 அம்சங்களில் ஒன்றாகவே வைத்தார். கோளாறு பெரும்பாலும் அமைப்பில் இருக்கிறது, அதைத் தொழிலாளி தனியாளாகச் சரிசெய்ய முடியாது என்பது அவர் கட்சி. கிரெடிட் நோட் வராத இடத்தில் 'முடியும் என்று நினை' என்று எழுதி ஒட்டினால் படிக்கிறவனுக்கு எரிச்சல்தான் வரும்.

ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் தெரசா அமபிலி, 7 கம்பெனிகளைச் சேர்ந்த 238 பேரிடம் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொல்லி வாங்கினார். ஏறக்குறைய 12,000 பதிவுகள். ஓர் ஆள் உற்சாகமாக இருந்த நாட்களில் என்ன நடந்திருக்கிறது என்று பார்த்தால், பாராட்டையும் பரிசையும் விட அதிகமாகத் தென்பட்டது, செய்கிற வேலை ஓர் அடியாவது முன்னே நகர்ந்தது. பிறகு 669 மேலாளர்களிடம், ஊழியருக்கு ஊக்கம் தருவதாகச் சொல்லப்படும் 5 விஷயங்களைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னபோது, வேலை நகர உதவுவதைத்தான் அவர்கள் கடைசியில் வைத்தார்களாம். 2011-இல் இதை வெளியிட்டார். படித்தபோது எங்கள் சாம்பிள் பெட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது. கேட்ட 4 நாளில் சாம்பிள் கைக்கு வந்துவிட்டால், அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்குகிற ஆளின் நடையே வேறாக இருக்கும்.

எல்லாம் உடனே சுபமாகிவிடவில்லை. மாதக் கடைசியில் தள்ளுவதை நிறுத்தியதும் 2 மாதம் எங்கள் பில்லிங் படுத்துவிட்டது. மேலதிகாரி ஃபோனில் கேட்டார்: "என்னம்மா, உங்க டீம்ல வேகம் போயிருச்சா?" நிஜத்தைச் சொல்ல அப்போது எனக்குத் தைரியம் வரவில்லை. பார்க்கிறேன் சார் என்று மட்டும் சொன்னேன். ரிட்டர்ன் குறைந்து, கணக்கு நேராவதற்கு 4 மாதம் பிடித்தது. அதன் பிறகுதான் வாய் திறந்தேன். குழுவில் ஒருவர், முன்பு கால் எழுதிய அதே கைத்திறமையோடு 'புதிதாகத் தெரிந்துகொண்டதை' எழுத ஆரம்பித்தார். வாராவாரம் கதை மாதிரி சுவையாக இருக்கும். ஒரு வாரம் அவரோடு நானே கிளம்பினேன். அந்த ஃபாக்டரியின் கேட் எந்தப் பக்கம் என்றே அவருக்குத் தெரியவில்லை. எந்தக் கேள்வியையும் ஏமாற்றலாம். நாற்காலியை விட்டு எழுந்து போகாத மேலாளரிடம் அது இன்னும் சுலபம்.

இன்சென்டிவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காசு வேண்டும், சொன்ன தேதியில் வேண்டும். பேசிய இன்சென்டிவை 5 மாதம் இழுத்துக் கொடுக்கிற கம்பெனி, அதைப் பேசாமலே இருந்திருக்கலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பக்கத்தில் மேலாளர்களுக்கு அறிவுரை சொல்வதற்குப் பதிலாக, ஒரு வாரம் அவர்களையே எழுதச் சொல்லிப் பாருங்கள்: திங்கட்கிழமை கூட்டத்தில் தாங்கள் கேட்கும் முதல் கேள்வி எது என்று ஒரே ஒரு வரி. விளக்கம் வேண்டாம். வருவதை அப்படியே அச்சிடுங்கள். முதல் வரி என்னுடையதாக இருக்கட்டும்: 7 வருடம் நான் "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டேன்.

இதை வெளியிட்டால் என் பெயர் வேண்டாம். என்னோடு வேலை பார்த்தவர்கள் அந்தச் சிவப்பு மையை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விற்பனை மேலாளர்